மெல்ல விடியும் விளக்கு

காலை மணி ஐந்து. எங்கள் விடுதி முற்றத்தில் தொங்கும் வெண்கல மணி ‘டணார், டணார்’ என்று முழங்கத் தொடங்கும். உறங்கும் கூடத்தில் வரிசையாகக் கிடக்கும் கட்டில்களில் ஒரு சலசலப்பு எழும். ஒருத்தி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். ஒருத்தி, “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்று யாரிடமோ கெஞ்சுவாள். இன்னொருத்தி எழுந்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே மறுபடி உறங்குவாள். ஒரே ஒரு கட்டிலில் மட்டும் எந்த அசைவும் இராது.

அந்தக் கட்டில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், இக்கட்டுரையில் அவளைத் ‘தங்கை’ என்றே அழைக்கிறோம். தங்கைக்குப் பிறந்தது முதலே காது சரியாகக் கேளாது. பகலில் காதுக் கருவி அணிந்துகொள்வாள். அதன் துணையோடு பாடம் கேட்பாள், பேசுவாள், எங்களைவிட அதிகமாகவே பேசுவாள். இரவில் கருவியைக் கழற்றி, ஈரம் படாமலிருக்க அதற்குரிய சிறு பெட்டியில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். அதன் பிறகு வெண்கல மணி என்ன, இடி இடித்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ஆகவே நாங்கள்தாம் அவளை எழுப்பி வந்தோம். தோளைப் பிடித்து உலுக்குவோம். அவளோ திடுக்கிட்டு எழுந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பாள். ஒருநாள் பயத்தில் கையை வீசியதில் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குவளை உருண்டோடியது. அதைக் கண்டு நாங்கள் சிரித்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். அன்று காலைச் செபத்தின்போது அவள் அழுதுகொண்டே நின்றாள்.

விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர் எங்களைக் கோபிக்கவில்லை. “நீங்க நல்லாத் தூங்கிட்டு இருக்கும்போது இருட்டுல ஒரு கை வந்து பிடிச்சு ஆட்டினா எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலை நாங்கள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டோம். “வீட்டில் உன்னை யார் எழுப்புவார்கள்?” என்று விசாரித்தோம்.

“யாரும் எழுப்ப மாட்டாங்க அக்கா. அம்மா எழுந்ததும் அடுப்படி லைட்டைப் போடுவாங்க. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்துல நானே எழுந்திருவேன்” என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்ததுதான் இவ்வாண்டு அறிவியல் மன்றத்தின் சார்பில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் செய்த ‘விடியல் விளக்கு’. தங்கை ஒருத்திக்காகக் கூடத்தின் குழல் விளக்கைப் போட முடியாது. அவள் தலைமாட்டில் மட்டும் ஒரு சிறு விடியலை உண்டாக்க முடியுமா என்பதே எங்கள் கேள்வி.

இத்தகைய விளக்குகள் புதியவை அல்ல. கடைகளில் ‘சூரியோதய அலாரம்’ என்று விற்கப்படுகின்றன. நாம் எழ வேண்டிய நேரத்திற்கு 30 நிமிடம் முன்னதாக மங்கலான செந்நிறத்தில் எரியத் தொடங்கி, சிறிது சிறிதாக மஞ்சளாகி, குறித்த நேரத்தில் முழு வெளிச்சத்தை எட்டும். இவற்றின் தேவையை முதலில் உணர்ந்தவர்கள் வட தேசத்து மக்கள். டிசம்பர் மாதக் கடைசியில் லண்டனில் சூரியன் உதிக்கக் காலை 8 மணியைத் தாண்டிவிடும். நார்வே நாட்டின் டிரோம்சோ நகரிலோ நவம்பர் இறுதியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் அடிவானத்திற்கு மேலே வருவதே இல்லை. அத்தகைய நாடுகளில் குளிர்காலம் வந்தாலே மனச்சோர்வு அடைகிறவர்கள் உண்டு. 1984 ஆம் ஆண்டில் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்நிலையை விவரித்து, பிரகாசமான ஒளியால் அதைக் குறைக்கலாம் என்று எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்கள், நோயாளி உறங்கிக்கொண்டிருக்கும்போதே அறையில் விடியலைப்போல் ஒளியைக் கூட்டிப் பார்த்தார்கள். கடை விளக்கின் முன்னோடி அதுவே.

“நமக்குத்தான் வெயிலுக்குப் பஞ்சமே இல்லையே, இந்த விளக்கு எதற்கு?” என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். சென்னையில் சூரியன் மிக முந்தி உதிப்பது ஜூன் மாதத் தொடக்கத்தில், ஏறத்தாழ 5.40 மணிக்கு. மிகப் பிந்தி உதிப்பது ஜனவரிக் கடைசியில், ஏறத்தாழ 6.35 மணிக்கு. விடுதிப் பிள்ளைகளாகிய நாம் எழுவதோ 5 மணிக்கு. அப்படியானால் ஆண்டின் 365 நாளும் நாம் இருட்டில்தான் எழுகிறோம்! பொதுத் தேர்வு நெருங்கும் ஜனவரியில்தான் இருட்டும் மிக நீளமாயிருக்கிறது.

சரி, கண்ணை மூடி உறங்குகிறவளை வெளிச்சம் எப்படி எழுப்பும்? இதைத் தெரிந்துகொள்ள நாம் ஒரு தொட்டாற்சுருங்கிச் செடியிடம் போகவேண்டும். 1729 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டி மேரான் என்பவர், பகலில் இலை விரித்து இரவில் மூடும் அச்செடியை இருட்டறையில் வைத்தார். வெயிலே காணாவிட்டாலும் அது நேரம் தவறாமல் இலைகளை விரித்தது, மூடியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று.

மனிதருக்குள்ளும் அத்தகைய கடிகாரம் உண்டு. ஆனால் அது தச்சரின் நூல் பிடித்தாற்போல் 24 மணி நேரம் ஓடுவதில்லை. பெரும்பாலோருக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஓடுகிறது. காலை வெளிச்சம் நாள்தோறும் அதன் முள்ளைத் திருத்தி வைக்கிறது. திருத்த ஆளில்லாவிட்டால் என்னவாகும்? 1962 இல் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் பனி நிறைந்த ஒரு குகைக்குள் கடிகாரமும் நாட்காட்டியும் இல்லாமல் இரண்டு மாதம் தனித்திருந்தார். செப்டம்பர் 14 ஆம் நாள் அவரிடம் “காலம் முடிந்தது” என்று சொன்னபோது, அன்று ஆகஸ்டு 20 தான் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தாராம்.

நம் மதுரையிலும் இத்துறையில் சிறந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் குகைகளில் வாழும் வவ்வால்களை ஆராய்ந்தார்கள். இருண்ட குகைக்குள் கூண்டில் அடைத்த வவ்வால், வெளியே போய் வரும் மற்ற வவ்வால்களின் நடமாட்டத்தைக் கொண்டே தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று 1981 இல் வெளியிட்டார்கள். வெளிச்சம் இல்லாத இடத்தில் கூட்டாளிகளே கடிகாரமாகிறார்கள். விடுதியில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். (எங்களை வவ்வால்கள் என்று அழைக்க வேண்டாமென்று ஒன்பதாம் வகுப்பினரைக் கேட்டுக்கொள்கிறோம்.)

இந்த உடற்கடிகாரம் அணுக்களுக்குள்ளே எந்த மரபணுக்களால் இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. அதுவே தலைமைக் கடிகாரம். இருள் சூழ்ந்ததும் மெலடோனின் என்னும் சுரப்பை வெளியிடச் சொல்லி ‘இரவு வந்தது’ என்று உடலுக்கு அறிவிப்பதும், ஒளி பட்டதும் அதை நிறுத்தச் சொல்வதும் அதன் வேலை.

கண்ணில் பொருள்களைக் காண உதவும் கூம்புகளும் கோல்களும் இருப்பதை நாம் படித்திருக்கிறோம். அவற்றைத் தவிர, வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அளந்து இந்தக் கடிகாரத்திற்குச் செய்தி அனுப்பும் தனி அணுக்களும் விழித்திரையில் உள்ளன. பார்வையை முற்றும் இழந்த சிலரிடமும் இவை வேலை செய்கின்றன என்பது எங்களை வியக்கவைத்தது. மூடிய இமை ஒளியில் மிகச் சிறு பங்கையே உள்ளே விடும். அதிலும் சிவப்பு நிறமே அதிகம் கடக்கும். இருட்டில் டார்ச் விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். விரலிடுக்குகள் செக்கச்செவேலென்று தெரியும். விடியும்போது இமைக்குள்ளே தெரிவதும் அந்தச் சிவப்புத்தான்.

திடீரென்று எழுப்பப்பட்டால் வரும் தடுமாற்றத்திற்கு நம் பாட்டிமாரே பெயர் வைத்திருக்கிறார்கள்: தூக்கக் கலக்கம். ஆராய்ச்சியாளர்களும் அதையே ஆராய்கிறார்கள். கண் திறந்த பிறகும் மூளை முழுதும் விழித்துக்கொள்ளச் சாதாரணமாக 15 முதல் 30 நிமிடம் ஆகலாம். ஆழ்ந்த உறக்கத்தில் உலுக்கப்பட்டவர்களுக்கும், தூக்கம் போதாதவர்களுக்கும் கலக்கம் கூடுதல். ஒளி மெல்லக் கூடும்போது உடல் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து படிப்படியாக மேலே வருகிறது. இத்தகைய விளக்கின் முன் எழுந்தவர்கள் கலக்கம் குறைவாயிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, நாங்கள் விளக்குச் செய்த கதைக்கு வருவோம்.

அறிவியல் டீச்சர் அர்டுயினோ பலகை ஒன்றையும், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறமும் தரும் எல்.இ.டி. பட்டை ஒன்றையும் கொடுத்தார். வெள்ளை நிறப் பழைய மாவு டப்பா ஒன்று சமையற்கட்டிலிருந்து கிடைத்தது. பட்டையை டப்பாவுக்குள் சுற்றி ஒட்டினோம். கண்ணில் குத்தாத மிருதுவான வெளிச்சம் வந்தது. அப்பலகை விளக்கின் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை படிகளாகக் கூட்டும். 4.30 மணிக்குத் தொடங்கி 30 நிமிடத்தில் 255 ஐ எட்டவேண்டும். இதிலென்ன கடினம்? 255 ஐ 30 ஆல் வகுத்தோம். நிமிடத்திற்கு எட்டரைப் படி. அப்படியே நிரல் எழுதினோம்.

இருட்டறையில் உட்கார்ந்து சோதித்தபோது எங்கள் விடியல் விடியலாகவே இல்லை. முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே அறை பளிச்சென்று ஆகிவிட்டது. பிறகு கடைசி வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. கம்பியில் பழுது என்று எண்ணி அனைத்தையும் பிரித்து மறுபடி ஒட்டினோம். மீண்டும் அதே கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் இப்படியே போயிற்று. கண்காட்சிக்கு வேறு ஏதாவது செய்யலாம் என்றுகூட எங்களில் இருவர் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் டீச்சர் எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, “ஒரு மெழுகுவத்தி எரியற ரூம்ல இன்னொண்ணு ஏத்தினா தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றோம். “நூறு மெழுகுவத்தி எரியற இடத்துல இன்னொண்ணு ஏத்தினா?” நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பிழை கம்பியில் இல்லை. எங்கள் கணக்கில் இருந்தது. கண் எத்தனை படி கூடியது என்று பார்ப்பதில்லை; இருந்ததைப்போல் எத்தனை மடங்கு கூடியது என்றே பார்க்கிறது. ஜெர்மானிய அறிஞர்களான வெபரும் ஃபெக்னரும் 19 ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். எங்கள் விளக்கு 8 லிருந்து 17 க்குப் போனபோது வெளிச்சம் இரு மடங்காயிற்று. 246 லிருந்து 255 க்குப் போனபோதோ யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் கூட்டுத் தொடர்வரிசையில் விடியலைச் செய்திருந்தோம். விடியலோ பெருக்குத் தொடர்வரிசை!

கணிதப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த பாடம் அது. அந்தப் பொது விகிதத்தை இப்போது நாங்களே தேடினோம். ஒவ்வொரு நிமிடமும் முந்திய வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், அதாவது 1.2 ஆல் பெருக்கிக்கொண்டே போனால், 1 இல் தொடங்கும் விளக்கு 10 ஆம் நிமிடத்தில் 6 ஆகும். 20 ஆம் நிமிடத்தில் 38. 30 ஆம் நிமிடத்தில் 237. பாதி நேரம் கடந்த பிறகும் விளக்கு வெறும் 15 ஆம் படியில்தான் நிற்கும். காகிதத்தில் பார்த்தபோது, “இது எங்கே விடியப்போகிறது” என்று தோன்றியது. இருட்டறையில் பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. எப்போது மாறியது என்று சொல்ல முடியாமலே அறை வெளுத்துவிட்டது.

நிறத்தையும் அதற்கேற்ப மாற்றினோம். உதயவேளையில் சூரிய ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது என்று ராலே சிதறல் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? ஆகவே முதலில் சிவப்பை மட்டும் எரியவிட்டோம். நடுவில் பச்சையைச் சேர்த்தோம். ஒளியில் சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள் கிடைக்கும். கடைசி 5 நிமிடத்தில் நீலத்தையும் சேர்த்து வெண்மையாக்கினோம்.

சிஸ்டரிடம் அனுமதி பெற்று, தங்கையின் கட்டில் தலைமாட்டில் விளக்கை வைத்தோம். முதல் நாள் அவள் எழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விளக்கு அவள் முதுகுக்கு விடிந்துகொண்டிருந்தது! டப்பாவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி செய்தோம். இரண்டாம் நாள் எழுந்தாள். மூன்றாம் நாள் மின்விசிறிக் காற்றுக்குப் போர்வையைத் தலைவரை மூடியிருந்ததால் எழவில்லை. நான்காம் நாள் இரவு மின்சாரம் போய் வந்ததில் பலகை நேரத்தை மறந்து, நள்ளிரவு ஒன்றரை மணிக்கு விடிந்துவிட்டது. பாவம், தங்கை எழுந்து, பல் துலக்கி, சீருடையும் அணிந்து, எல்லோரும் ஏன் இன்னும் உறங்குகிறார்கள் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரவுச் சுற்றுக்கு வந்த சிஸ்டர்தாம் அவளைக் கண்டு படுக்க வைத்தார். பொத்தான் பேட்டரியில் ஓடும் சிறு கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போது பெரும்பாலான நாள்களில் அவளே எழுகிறாள். எழாத நாளும் உண்டு. அந்நாள்களில் தோளை உலுக்குவதில்லை; அவள் கண்ணில் வெளிச்சம் பட்ட பிறகு பாதத்தை மெல்லத் தொடுகிறோம். திடுக்கிடுவதில்லை.

அவளைப் பார்த்துப் பத்தாம் வகுப்பில் பலரும் தங்களுக்கும் ஒரு விளக்கு வேண்டுமென்றார்கள். இரண்டு நாள் நாங்களும் வைத்துப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அவ்வளவாகப் பலிக்கவில்லை. காரணம் விளக்கில் இல்லை. தங்கை 9 மணிக்குப் படுக்கிறாள். நாங்கள் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி 11 மணி வரை விழித்திருக்கிறோம். அதில் ஒரு மணி நேரம் பேச்சு. 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டுமென்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது. எங்களுக்குக் கிடைப்பது 6. இல்லாத தூக்கத்தை எந்த விளக்கும் தராது. இந்த வயதில் உடற்கடிகாரமே சற்றுப் பிந்தி ஓடுகிறது என்றும், ஆகவே இளையோர் இரவில் தாமதமாக உறங்குவதெல்லாம் சோம்பல் அல்ல என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதைப் பெற்றோரும் சிஸ்டரும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறோம். அதே ஆய்வாளர்கள், படுக்கும் முன் பளிச்சென்ற வெளிச்சத்தையும் கைப்பேசித் திரையையும் பார்த்தால் கடிகாரம் இன்னும் பிந்திப்போகும் என்று சொல்வதையும் எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது. விடுமுறை நாள்களில் வீட்டில் நாம் செய்வது நமக்கே தெரியும்.

கண்காட்சியில் எங்கள் விளக்குக்குப் பரிசு கிடைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள், 30 நிமிடம் நின்று விடியலைப் பார்க்க யாருக்கு நேரம் என்று எரிமலைப் பக்கம் போய்விட்டார்கள். எரிமலை நன்றாகவே இருந்தது; ஆறாம் வகுப்புத் தங்கையர் செய்தது.

சென்ற மாதம் ஒருநாள் காலை மணியடிக்கும் அக்காவுக்குக் காய்ச்சல். நாங்கள் எல்லோரும் உறக்கத்தில். தங்கை மட்டும் விளக்கு வெளுத்ததும் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். வழியில் அவளைக் கண்ட சிஸ்டர், மணிக்கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் 5 மணிக்கு மணியடிப்பது அவள் வேலை. காதுக் கருவியை அணியும் முன்பே ஓடிப்போய் அடிப்பாள். கயிற்றின் அதிர்வு உள்ளங்கையில் தெரிகிறதாம். அடித்து முடித்துக் கூடத்திற்கு ஓடி வந்து, போர்வைக்குள்ளிருந்து தலை நீட்டும் எங்களிடம் கேட்பாள்:

“சத்தம் நல்லா வந்துச்சா அக்கா?”